பதினேழாம் பக்கத்துப் பிறைக்குறி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குறை சொல்வதை மட்டும் இன்னும் சில வருடம் தள்ளிப் போடுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியை இப்போது ஒரே மூச்சில் ஏறுகிறாள், ஏறி முடித்ததும் கீழ்வீட்டுக்காரர் காதில் விழும்படி படியைத் திட்டுகிறாள். அவர் வழக்கம்போல ஏழு மணிக்கெல்லாம் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு, வாடகைக்கு மட்டும் முதல் தேதி காலையிலேயே வந்து நிற்கிறார். கல்லூரியில் இந்த வருடமும் துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான் வகைநுண்கணிதம் சொல்லிக் கொடுத்து இரண்டாம் முறையில் தேறிய அதே ஆள்தான். போன வாரம் தோளில் கை போட்டு, சார், உங்க டைம்டேபிள்ல இன்னும் ரெண்டு வகுப்பு சேத்துட்டேன், உங்கள விட்டா யார் இருக்கா, என்றான். முப்பது வருடம் கழித்து எனக்குக் கிடைத்த பாராட்டு அது. அதை விடு. மூன்று வங்கிகளின் வீட்டுக்கடன் காகிதங்கள் என்று நீ அனுப்பிய நாற்பத்தொரு பக்கங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம், இருபத்தெட்டாம் தேதிக்குள் ஏதாவது ஒன்றில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விற்பவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்று நீ சொன்னதால் கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அம்மா பக்கத்திலிருந்து உரை எழுதுவாள், தவிர நான் சொல்ல வேண்டியதில் பாதி வாயால் வராது.

போனில் படம் பார்த்துக் கணக்குப் போட எனக்குக் கண் இல்லை, அதனால் எல்லாவற்றையும் நகல் கடையில் கொடுத்து அச்சடித்து வாங்கினேன். கடைக்காரர் பொடி எழுத்துப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, சார் இது படிக்கறதுக்கா இல்ல சும்மா வெச்சுக்கறதுக்கா என்று கேட்டார். அந்தக் கேள்வியை எந்த வங்கிக்காரனும் நேர்மையாகக் கேட்டதில்லை. வந்து மூன்று வங்கிகளுக்கும் பெயர் வைத்தேன். அட்டையில் நாலு பேர் பல் தெரிய உட்கார்ந்திருக்கும் வங்கி சிரிக்கிற குடும்பம். இருபது மாடிக் கட்டடத்தின் படம் போட்டது பெரிய கட்டடம். படமே போடாமல் கறுப்பு வெள்ளையில் கொடுத்தது மூலைத்தெரு வங்கி. மாப்பிள்ளைக்குச் சிரிக்கிற குடும்பம்தான் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், ஏனென்றால் நாலு புள்ளி ஒரு சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான், கல்யாணத்துக்கு முன்பு என்னை அங்கிள் என்று கூப்பிட்டதை நான் இன்னும் மறக்கவில்லை என்றாலும். ஆனால் வட்டி என்பது வாசல் மாதிரி, வாசலைப் பார்த்து யாரும் வீடு வாங்குவதில்லை. பெரிய கட்டடம் கேட்பது நாலு புள்ளி ஆறு. நீங்கள் வாங்கப்போவது மூன்று லட்சம். இரண்டுக்கும் அரை சதவீதம் வித்தியாசம், சிரிக்கிற குடும்பம் வட்டியைக் கட்டிப்போடுவது இரண்டே வருடத்துக்கு, அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் வட்டியில் மிச்சம் பிடிப்பது ஏறக்குறைய இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். இனி ஒன்பதாம் பக்கத்தின் அடியைப் பார். கடன் ஏற்பாட்டுக் கட்டணம் மூவாயிரம். வீட்டை வந்து பார்த்து மதிப்புப் போடுகிறவனுக்கு அறுநூறு. அவர்கள் சொல்லும் வக்கீலுக்கு, நம் வக்கீலுக்கு அல்ல, தொள்ளாயிரம். ஆக இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மிச்சம் பிடிக்க நாலாயிரத்து ஐநூறு கொடுக்கிறீர்கள். அந்த மூவாயிரத்தை இப்போது தர வேண்டாம், கடனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஏதோ தர்மம் செய்வது போல எழுதியிருக்கிறான், சேர்த்தால் அதற்கும் இருபத்தைந்து வருடம் வட்டி கட்டுவீர்கள். இரண்டு வருடம் முடிந்த மறுநாள் வட்டி அவர்களுடைய அன்றைய விகிதத்துக்குப் போய்விடும், இன்றைக்கு அது ஏழரை. மாதம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் இரண்டாயிரத்து இருநூறு கட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு கடனுக்கு மாற வேண்டும், மாறினால் மறுபடி ஏற்பாடு, மறுபடி மதிப்பு, மறுபடி வக்கீல். அந்த நாலு பேரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறதா.

பெரிய கட்டடம் ஐந்து வருடத்துக்கு வட்டியைக் கட்டிப்போடுகிறது, ஒரு கட்டணமும் இல்லை, மதிப்புப் போடுவது இலவசம், வக்கீல் இலவசம். இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததும் நான் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன், அங்கே இருந்தது. நடுவில் கடனை அடைத்தால் முதல் வருடம் பாக்கியில் ஐந்து சதவீதம், அப்புறம் நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. மாப்பிள்ளைக்கு இரண்டு மூன்று வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வரலாம் என்று சொல்லியிருக்கிறாய். மூன்றாவது வருடம் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பினால் எட்டாயிரத்து ஐநூறை மேசை மேல் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நீங்கள் ஐந்து வருடம் அசையாமல் இருக்கப் போகிறவர்களாக இருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். மூலைத்தெரு வங்கி மூன்று வருடத்துக்கு நாலு புள்ளி நாலு, கட்டணமும் மதிப்பும் சேர்த்து ஆயிரத்து அறுநூறு. பெரிய கட்டடத்தோடு ஒப்பிட்டால் மூன்று வருடத்தில் வட்டியில் மிச்சமாவதும் கட்டணமாகப் போவதும் சரிக்குச் சரி. ஆனால் விற்றுவிட்டு வேறு வீடு வாங்கினால் அதே கடனை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அபராதம் கிடையாது என்று போட்டிருக்கிறது. இதுதான் சரி என்று ஞாயிற்றுக்கிழமை மதியமே முடிவு செய்துவிட்டேன், பேனாவை மூடி வைத்துவிட்டேன், உனக்குப் போன் செய்யக்கூட எழுந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தக் குறியைப் பார்த்தேன். மூலைத்தெரு வங்கியின் பதினோராம் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் ஒரு சின்னப் பிறை, நடுவில் ஒரு புள்ளி. அச்சுக் கறை என்று முதலில் நினைத்தேன். பிறகு ஆறாம் பக்கத்தில் ஒன்று, சிரிக்கிற குடும்பத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு. உன் பெரியப்பா உதிரிபாகக் கிடங்கில் இருப்புக் காப்பாளராக இருந்த காலத்தில் வண்டியில் வந்து இறங்கும் சரக்கைப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார், இருப்பதற்கு ஒரு கோடு, இல்லாததற்கு ஒரு வட்டம், கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாத இடத்துக்குப் பிறையும் புள்ளியும். உலகத்தில் வேறு யாரும் அந்தக் குறியைப் போட மாட்டார்கள். ஆக என்னிடம் வருவதற்கு முன் அந்தக் காகிதம் அவரிடம் போய்விட்டு வந்திருக்கிறது. என் மகள், நான் பத்தொன்பது வருடமாகப் பேசாத மனிதரின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து காகிதத்தை நீட்டியிருக்கிறாள். நான் இரண்டு நாள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. அம்மாவைக் கேட்டேன், அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நீ அந்த ஊருக்குப் போன முதல் மாதத்திலிருந்தே அவர் வீட்டுக்குப் போய் வருகிறாயாம், இரண்டே ரயில் நிறுத்தமாம். ஏன் மறைத்தாய் என்றதற்கு உன் அம்மா நிதானமாகச் சொன்னாள், தெரிஞ்சா ரெண்டு நாள் சாப்பிட மாட்டீங்கன்னுதான் சொல்லல, இப்ப பாருங்க, சாப்பிடாமதான் இருக்கீங்க.

நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது, உனக்கு அப்போது பத்து வயது. கூடம் ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருந்த அந்த வீடு ஞாபகம் இருக்கும், பீரோ வாசல் வழியே நுழையாமல் ஜன்னல் கம்பியைக் கழற்றி ஏற்றினோமே, அந்தக் கூடத்தில்தான் நீ மிதிவண்டி பழகினாய். அந்த வீட்டுக்குக் கடன் வாங்கும்போது வங்கி ஆளை அறிமுகம் செய்தவர் உன் பெரியப்பா, கிடங்குக்கு வந்து போகும் ஆள். ஐந்து வருடத்துக்கு மாறாத வட்டி. மூன்றாவது வருடம் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்றார்கள், வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. விற்கப் போனபோது நடுவில் அடைத்தால் அபராதம் என்று வங்கியில் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்கள், அது என் பதினோரு மாதச் சம்பளம். சிகிச்சைக்குப் போக மிஞ்சுவதை வைத்துச் சின்னதாக ஒன்று வாங்கலாம் என்று நினைத்திருந்தேன், அந்த மிச்சத்தைத்தான் அபராதம் கொண்டுபோனது. அதனால்தான் இந்த மாடி, இந்தப் படி, இந்த மோட்டார். ஆஸ்பத்திரி நடையில் உன் பெரியப்பா ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றார். உன் புண்ணியத்துல வீடு போச்சு, இனிமே என் வாசல்ல காலை வைக்காதே என்று சொன்னேன், அண்ணன் என்று பார்க்காமல் ஒருமையில் சொன்னேன், அந்தப் பக்கமாகப் போன நர்ஸ் நின்று பார்த்தாள். அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். நான் சொன்னேனேடா, என்றார். ஃபிளாஸ்க்கை பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த நான் சொன்னேனேடா என்பதை நான் பத்தொன்பது வருடமாக எத்தனை பேரிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை. செய்வதையும் செய்துவிட்டு எப்படிப் பொய் சொல்கிறார் பார் என்பதற்கு அதுதான் என் சாட்சி.

இப்போது உன் காகிதத்தில் அந்தக் குறியைப் பார்த்ததும் பரண் மேலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன். உண்மையைச் சொல்கிறேன், உனக்காக இறக்கவில்லை. அவர் அன்றைக்கு என்னைப் படுகுழியில் தள்ளினார், இன்றைக்கு உனக்கு யோசனை சொல்ல அவருக்கு என்ன தகுதி என்று அந்தப் பக்கத்தை நகல் எடுத்து உனக்கு அனுப்பத்தான் இறக்கினேன். அந்தப் பழைய கடன் பத்திரத்தில் அபராதம் இருப்பது பதினேழாம் பக்கத்தில். அடியில் என் சுருக்கக் கையெழுத்து, எல்லாப் பக்கத்திலும் போட்டது போல அழகாக. அதை வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன். ஓரத்தில் காகிதம் கொஞ்சம் தேய்ந்து பஞ்சு பஞ்சாக இருந்தது. தேய்ந்த இடத்தில் பென்சில் அழுத்திய பள்ளம் மட்டும் மிச்சம். பிறை. புள்ளி. பக்கத்தில் நாலு வார்த்தை, கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தேன். நடுவில் விற்க நேர்ந்தால் எவ்வளவு? கேள்விக்குறியைக்கூட அழுத்திப் போட்டிருக்கிறார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கையெழுத்துக்கு முதல் நாள் அவர் அந்தக் காகிதத்தை இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தம்பி, நாலஞ்சு எடத்துல குறி போட்டிருக்கேன், நாளைக்கு அங்க கேட்டுட்டுப் போடு, என்றார். நான் தலையைத் தூக்காமல், அண்ணே, வட்டிக் கணக்கை நாலு தசமஸ்தானம் வரைக்கும் நான் போட்டாச்சு, பத்தாங்கிளாஸ் படிச்சவர் எனக்கு என்ன சொல்லித் தரப் போறீங்க, என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், அவரும் சிரித்தார். அவர் போன பிறகு காகிதத்தைப் புரட்டினேன், ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறைக்கிற வாத்தியார் நான். அழுக்குக் காகிதத்தோடு வங்கிக்குப் போவதா என்று ஒவ்வொரு பக்கமாக அழித்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட இல்லை, கண் கிறுக்கலைத்தான் பார்த்தது. உன் பென்சில் டப்பாவிலிருந்த பச்சை ரப்பர். உனக்கு அப்போது ஏழு வயது, பக்கத்தில் உட்கார்ந்து நான் அழிக்க அழிக்கத் துகளை ஊதினாய். சுத்தமாயிடுச்சுப்பா என்றாய். இதெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னால் நீ நம்புவாயா என்று தெரியவில்லை. மறக்கவில்லை, அதைத் தனியாக ஒரு இடத்தில் வைத்துவிட்டு, அபராதத்தை வேறொரு இடத்தில் வைத்துவிட்டேன், இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கணக்கு வாத்தியாரின் லட்சணம் இது.

அம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள், திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய்த் தட்டை வைத்து, வந்து சாப்பிடுங்க என்றாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம். நான் சாப்பிட்டுவிட்டு வந்து உன் பதினோராம் பக்கத்தை மறுபடி எடுத்தேன், இந்த முறை கணக்குப் போடுவதற்கு அல்ல, பிறை இருந்த வரியைப் படிப்பதற்கு. கடனைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்ன அதே பத்தியின் கடைசி வரி அது. பழைய வீட்டை விற்ற அறுபது நாளுக்குள் புது வீட்டின் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும், தவறினால் முன்கூட்டியே அடைத்ததாகக் கொள்ளப்படும். நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்திருந்தேன், அறுபதைப் பார்க்கவே இல்லை. அதில் சதவீதம் இல்லை, அதனால் என் கண் நிற்கவில்லை. மாற்றலாகிப் புது ஊருக்குப் போய் அறுபது நாளில் யாரால் வீடு பார்த்துப் பத்திரம் முடிக்க முடியும். இப்போது சொல்கிறேன், மூலைத்தெரு வங்கியைத்தான் வாங்குங்கள், ஆனால் அறுபது என்பதை ஆறு மாதமாக மாற்றி எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வாங்குங்கள். அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம் என்று அந்த அதிகாரி வாயால் சொன்னால் சரி என்று எழுந்து வந்துவிடாதே, எழுத்தில் கேள். தர மாட்டேன் என்றால் பெரிய கட்டடத்துக்குப் போய் மூன்றாம் வருட அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் குறைப்பார்கள், கேட்பதற்கு ஆள் இல்லை என்பதுதான் அவர்கள் பிழைப்பு. இரண்டு பேரும் மறுத்தால் அந்த வீடு போனால் போகிறது. சிரிக்கிற குடும்பத்துக்கு மட்டும் போகாதே. மூலைத்தெரு வங்கியின் ஆறாம் பக்கத்துப் பிறை, வீட்டுக் காப்பீட்டை அவர்கள் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற வரிக்கு. அதையும் கேள். உன் பெரியப்பா போட்டிருக்கும் எல்லாப் பிறைக்கும் போய்க் கேள், ஒன்றையும் விடாதே, உன்னிடம் இருக்கும் மூலக் காகிதத்தில் ஒரு குறியையும் அழிக்காதே. வங்கிக்கு அப்படியே கொண்டுபோ, அழுக்காக இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வீட்டுக்கு அலைகிறேன் என்று மதியச் சாப்பாட்டை விட்டுவிடுகிறாய் என்று கேள்விப்பட்டேன், யார் சொன்னார்கள் என்று கேட்காதே, அதுவும் அந்த இரண்டு ரயில் நிறுத்தத்திலிருந்து அம்மா வழியாக வந்த செய்திதான். மாப்பிள்ளையிடம் அவருடைய கணக்கு தப்பு என்று சொல்லாதே, அப்பா ஒரு வரியைக் காட்டினார் என்று சொல், அதுவும் முழு உண்மையில்லை, பெரியப்பா காட்டினார் என்றே சொல். எனக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த வங்கி ஆளை அறிமுகம் செய்தவர் அவர்தான், என்னைப் பிடித்து உட்கார வைத்துப் படிடா என்று ஒரு அதட்டல் போட்டிருக்கலாம், அண்ணன் என்றால் அதற்கும் சேர்த்துத்தான். இதை நான் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்வேன், பழகிய சாமான், உடனே தூக்கிப் போட மனசு வரவில்லை. மற்றதைத் தூக்கிப் போட்டாயிற்று. கையெழுத்தாகி நீங்கள் அந்த வீட்டுக்குள் நுழையும்போது உன் இரண்டு கையிலும் ஏதாவது நல்லது இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நீண்ட காலம் நிம்மதியாக இருங்கள், போக வேண்டி வந்தாலும் யாருக்கும் தண்டம் கட்டாமல் போங்கள்.

இந்த உறையில் இன்னொரு காகிதமும் இருக்கிறது, அது உனக்கு இல்லை. பழைய பதினேழாம் பக்கம், நகல் அல்ல, அசலையே வைத்திருக்கிறேன், நகலில் பள்ளம் தெரியாது. பெரியப்பா வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடு. வெளிச்சம் இருக்கும்போதே போ, ஜன்னலோரம் சாய்த்துப் பார்க்கச் சொல். அவர் ஏதாவது கேட்டால் எனக்காக நீ எதையும் ஜோடித்துச் சொல்ல வேண்டாம். நீங்க சொன்னீங்களாம் பெரியப்பா, அப்பாதான் அழிச்சாராம் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா